இரண்டு எண்களுக்குள் ஓர் ஏரி

ஆன்டெனாவைக் கணினியில் கட்டிப் பார்க்கிறவர்கள் என்றைக்காவது ஒருநாள் இந்த வரியைத் தட்டியிருப்பார்கள்:

ஜிஎன் 2 0 0 0 80 0.005

கீழே தரை இருக்கிறது, அந்தத் தரை நன்னீர் என்று கணினிக்குச் சொல்லும் வரி இது. ஜிஎன் என்பது தரைக்கான அட்டை. 2 என்றால் குறுக்குவழி வேண்டாம், முழுக் கணக்கையும் போடு என்று பொருள். 80 தண்ணீரின் ஒப்புமை விடுதிறன். 0.005 அதன் கடத்துத்திறன், மீட்டருக்கு இத்தனை சீமென்ஸ். என்டரைத் தட்டியதும், ஏரிக்கு மேல் நிற்கும் ஆன்டெனா எந்தக் கோணத்தில் எவ்வளவு வீசுகிறது என்ற படம் திரையில் வந்து விழும். ஒரு விநாடிகூட ஆகாது.

அந்த ஒரு விநாடி பிறக்க 70 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஒரு பெரிய பேராசிரியரின் சூத்திரம், அதில் ஒரு குறிச் சிக்கல், கால் நூற்றாண்டு நீண்ட கருத்து வேற்றுமை, கடைசியில் ஓர் ஏரிக்கரையில் நடந்த அளவெடுப்பு எல்லாம் அதற்குள் இருக்கின்றன. நன்னீர் இந்தக் கதையில் வெறும் உதாரணமாக வரவில்லை. எது சரியான கணக்கு என்று காட்டிக்கொடுத்ததே நன்னீர்தான். எனக்கு இந்தக் கதையின்மேல் தனிப் பிரியம் இருப்பது அதனால்தான்.

தண்ணீர் என்றாலே மின்சாரம் பாயும் என்று நம் மனதில் பதிந்திருக்கிறது. ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால் ஏரியோ கடலோ, தண்ணீருக்கு மேல் ஆன்டெனா நட்டால் அமோகமாக வேலை செய்யும் என்று நினைத்துவிடுகிறோம். கடல் விஷயத்தில் அது சரி. கடல்நீரின் கடத்துத்திறன் மீட்டருக்கு 5 சீமென்ஸ் அளவு இருக்கும். ஏரித் தண்ணீருக்குப் பொறியியல் அட்டவணைகள் போடும் எண் 0.001 முதல் 0.01 வரை. அதாவது கடலில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சராசரி மண்ணுக்குப் போடும் எண்ணும் 0.005தான். ஆக, மின்சாரத்தைக் கடத்துகிற விஷயத்தில் ஏரிக்குக் கடலோடு உறவே கிடையாது. அதன் சொந்தம் வயல்காட்டோடுதான்.

வயலிலிருந்து ஏரியைப் பிரிப்பது மற்ற எண். மண்ணின் ஒப்புமை விடுதிறன் 13 என்று வைத்தால் தண்ணீருக்கு 80. தண்ணீர் மூலக்கூறு ஒரு பக்கம் நேர்மின்னும் மறுபக்கம் எதிர்மின்னுமாக இருப்பதால், வருகிற அலையின் மின்புலத்துக்கு ஏற்பத் திரும்பித் திரும்பி ஆடுகிறது. அந்த ஆட்டம் அலையின் வேகத்தை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். காற்றில் 20 மீட்டர் நீளமுள்ள அலை ஏரிக்குள் இறங்கினால் 2 மீட்டருக்குச் சற்றே மேலாகச் சுருங்கிப்போகும். கடத்துவதா, இப்படி ஆடுவதா, எந்தக் குணம் ஓங்கும் என்பதை அதிர்வெண் தீர்மானிக்கிறது. 0.005 கடத்துத்திறன் உள்ள தண்ணீரில் ஏறக்குறைய 1 மெகாஹெர்ட்ஸில் இரண்டும் சமம். அதற்குக் கீழே ஏரி சுமாரான கடத்தி. அதற்கு மேலே போகப் போக அது ஒரு பெரிய கண்ணாடிப் பாளம். செங்குத்தாக வந்து விழும் அலையின் ஆற்றலில் 64 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். மீதி உள்ளே போகும். வயல் மண்ணானால் திரும்புவது 32 சதவீதம்தான்.

கடத்தவும் செய்யாத, அலையைச் சீக்கிரம் விழுங்கவும் செய்யாத இந்தக் கண்ணாடிக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுதான் சாட்சி சொல்லப்போகிறது.

1901 டிசம்பர் 12ஆம் தேதி, இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து அனுப்பிய குறியை நியூஃபவுண்ட்லாந்தின் சிக்னல் குன்றில் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். நடுவில் அட்லாண்டிக் கடல். பூமி உருண்டை. நேர்கோட்டில் போகிற அலை எப்படி அந்த வளைவைத் தாண்டி அக்கரை சேர்ந்தது? மேலே மின்னூட்டமுள்ள ஓர் அடுக்கு அலையைத் திருப்பி அனுப்புகிறது என்று 1902இலேயே கென்னலியும் ஹெவிசைடும் சொல்லிவிட்டார்கள். ஆனால் அதை நிரூபிக்க ஆப்பிள்டனின் 1924ஆம் ஆண்டுச் சோதனை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் இன்னொரு விளக்கம் பலருக்குப் பிடித்துப்போனது. அலை தரையைப் பற்றிக்கொண்டே ஊர்ந்து போகிறது என்பது அது.

1907இல் ஜெர்மானிய இயற்பியலாளர் யோனதான் சென்னெக் அதற்கு ஒரு கணித வடிவம் கொடுத்தார். காற்றும் தரையும் சந்திக்கும் பரப்பை ஒட்டி, மேலேயும் கீழேயும் தேய்ந்துகொண்டே, பரப்பின் வழியே மட்டும் ஓடுகிற ஓர் அலை. மேக்ஸ்வெல் சமன்பாடுகளில் போட்டுப் பார்த்தால் கணக்கு இடிக்காது. ஆனால் ஒரு கேள்வியை அவர் தொடவில்லை. அப்படியோர் அலை இருக்கலாம் என்பது வேறு, ஓர் ஆன்டெனாவை நட்டு மின்னோட்டம் செலுத்தினால் அந்த அலை உண்மையிலேயே கிளம்புமா என்பது வேறு.

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர் அர்னால்ட் சோமர்ஃபெல்ட். 1906இல் மியூனிக் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். பின்னாளில் பௌலி, ஹைசன்பர்க், பேத்தே என்று ஒரு தலைமுறையையே உருவாக்கிய ஆசிரியர். நோபல் பரிசுக்கு 80 முறைக்கு மேல் பெயர் முன்மொழியப்பட்டும் பரிசு கிடைக்காமலே போனவர். 1909இல் அன்னாலன் டெர் ஃபிசிக் இதழில் கம்பியில்லாத் தந்தியின் அலைகள் பரவும் விதம் பற்றி 70 பக்கத்துக்கு மேல் நீளும் ஒரு கட்டுரை எழுதினார். இன்றைக்கு நாம் தட்டுகிற அந்த 2 என்ற எண்ணின் பிறப்பிடம் அந்தக் கட்டுரை.

அவர் செய்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கீழே இருப்பது குறையே இல்லாத உலோகத் தகடு என்றால் வேலை சுலபம். முகம் பார்க்கும் கண்ணாடி முன் நிற்பதுபோலத்தான். ஆன்டெனா மேலே எத்தனை உயரத்தில் இருக்கிறதோ அத்தனை ஆழத்தில் ஒரு பிம்பம் இருப்பதாக வைத்துக்கொண்டு, இரண்டின் அலைகளையும் கூட்டிவிடலாம். தண்ணீரும் மண்ணும் அப்படி நேர்மையான கண்ணாடி இல்லை. எந்தக் கோணத்தில் அலை வந்து விழுகிறதோ அதைப் பொறுத்து வேறு வேறு அளவில் திருப்பி அனுப்பும். ஆன்டெனாவிலிருந்து கிளம்புவதோ எல்லாக் கோணமும் கலந்த உருண்டை அலை. ஒரே ஒரு பிம்பம் அங்கே போதாது.

சோமர்ஃபெல்ட் அந்த உருண்டை அலையைப் பிரித்தார். குளத்தில் கல் விழுந்தால் விரியும் வட்டங்களை நினைத்துக்கொள்ளுங்கள். உருண்டை அலையை அப்படிப்பட்ட உருளை வடிவ அலைகளின் முடிவில்லாத தொகுப்பாக எழுதினார். ஒவ்வொன்றும் தரையில் பட்டு எவ்வளவு திரும்புகிறது என்று தனித்தனியே கணக்கிட முடியும். பிறகு எல்லாவற்றையும் மறுபடி கூட்டினால் விடை. இந்தக் கூட்டலைத்தான் சோமர்ஃபெல்ட் தொகையீடு என்கிறோம். எழுதிவைக்க ஒரு வரிதான். மதிப்பைக் கண்டுபிடிக்கப் போனால் கழுத்தைப் பிடிக்கும். தொகையிட வேண்டிய சார்பு மேலும் கீழுமாக ஓயாமல் ஊசலாடுகிறது, மெல்ல மெல்லத்தான் அடங்குகிறது. போதாக்குறைக்குக் கலப்பெண் தளத்தில், சார்பு எல்லையில்லாமல் பெருகும் ஒரு முனைப்புள்ளி பாதையோரமாக உட்கார்ந்திருக்கிறது. கையால் கணக்குப் போட்ட காலத்தில் அதற்குத் தோராயச் சூத்திரம் தேடுவதைத் தவிர வேறு வழியில்லை.

சோமர்ஃபெல்ட் அதையும் தந்தார். எண்தொலைவு என்று ஓர் அளவை அறிமுகப்படுத்தினார். மீட்டரோ மைலோ இல்லாத வெறும் எண். அலைநீளம், தரையின் குணம், தூரம் மூன்றையும் சேர்த்துக் கட்டியது. அது சிறியதாக இருக்கும்வரை தரையின் குறை அலைக்கு உறைக்காது. பெரிதாகும்போது அலை வேகமாகத் தேயும். அவருடைய விடையில் இரண்டு பகுதிகள் தென்பட்டன. ஒன்று வானத்தில் பரவுகிற அலை. இன்னொன்று அந்த முனைப்புள்ளியிலிருந்து பிறக்கிற, பரப்பை ஒட்டி ஓடுகிற அலை. சென்னெக் சொன்னதுபோலவே இருந்தது இரண்டாவது. ஆன்டெனா அந்த அலையைக் கிளப்பத்தான் செய்கிறது என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

பத்தாண்டு கழித்து, 1919இல், கணித மேதை ஹெர்மன் வைல் அதே சிக்கலை வேறு வழியில் அணுகினார். உருண்டை அலையை உருளைகளாகப் பிரிக்காமல் சமதள அலைகளாகப் பிரித்தார். அவருடைய விடையில் சென்னெக் அலை தனியாக எழுந்து நிற்கவே இல்லை. ஒரே கேள்விக்கு இரண்டு பெரியவர்கள் இரண்டு விடை. சோமர்ஃபெல்ட் 1926இல் இதே பொருளைப் பற்றி மறுபடி எழுதினார். 1930இல் வான் டெர் போலும் நீசனும் எழுதினார்கள். பெல் ஆய்வகத்தின் வைஸ் எழுதினார். தாள் மேல் தாளாக ஏறிக்கொண்டே போனது.

இது ஏட்டோடு நின்றிருந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் 1920களில் ஊர் ஊராக வானொலி நிலையங்கள் முளைத்தன. எந்த இடத்தில் கோபுரம் நட்டால் எத்தனை தூரம் கேட்கும் என்று பொறியாளருக்குத் தெரிந்தாக வேண்டும். 1930இல் சுவீடனைச் சேர்ந்த புரூனோ ரோல்ஃப் சோமர்ஃபெல்டின் 1909 சூத்திரத்திலிருந்து வரைகோடுகள் போட்டு வெளியிட்டார். அட்டவணையைப் பார்த்து அளவைப் படித்துக்கொள்ளும் வசதி. மண்ணுக்கும் கடலுக்கும் நீண்ட அலைகளில் அவை பெரிய மோசமில்லாமல் ஒத்துப்போயின. எங்கேயோ ஏதோ சரியில்லை என்பது வெளியே தெரியாமல் இருந்ததற்கும் அதுவே காரணம்.

1935இல் நேச்சர் இதழில் அமெரிக்கப் பொறியாளர் கென்னத் நார்ட்டன் ஒரு சிறு கடிதம் எழுதினார். சோமர்ஃபெல்டின் 1909 சூத்திரத்தில் ஒரு குறி தவறியிருக்கிறது, கூட்டல் கழித்தலாகிவிட்டது, 1926 கட்டுரையில் அந்தத் தவறு இல்லை என்றார். பிழை அந்தக் கட்டுரையில் சரியாக எந்த வரியில் நுழைந்தது, அதைப் பிழை என்றே சொல்லலாமா என்று அறிஞர்கள் அதற்குப் பிறகும் பல பதிற்றாண்டுகள் வாதாடியிருக்கிறார்கள். நான் அதற்குள் போகவில்லை. குறியை மாற்றினால் என்ன ஆகிறது என்பதுதான் நமக்கு வேண்டியது. இரண்டு விடைகளுக்கும் உள்ள வித்தியாசம் சரியாக அந்தச் சென்னெக் அலையின் அளவுதான்.

இந்த இடத்தில்தான் நன்னீர் கதைக்குள் வருகிறது.

அந்த வித்தியாசத்தின் அளவு, எண்தொலைவின் மெய்ப்பகுதியைப் பொறுத்து மடமடவென்று தேய்கிற ஒரு சார்பு. நன்றாகக் கடத்தும் தரையில் எண்தொலைவு கிட்டத்தட்ட முழுவதும் மெய்யெண். ஆகவே கொஞ்ச தூரம் போனதும் வித்தியாசம் செத்துப்போகிறது. தப்பான சூத்திரமும் சரியான சூத்திரமும் ஒரே விடை சொல்லும். கடத்தாத கண்ணாடிப் பாளம்போன்ற தரையில் எண்தொலைவு கிட்டத்தட்ட முழுவதும் கற்பனை எண்ணாகிவிடும். அப்போது அந்தச் சார்பு தேயாமல் சுழன்றுகொண்டே இருக்கும். வித்தியாசம் சாகவே சாகாது. ஆக, இரண்டு சூத்திரங்களில் எது சரி என்று கண்டுபிடிக்கக் கடலில் அளந்து பயனில்லை, வயலில் அளந்தாலும் தெளிவு கிடைக்காது. கடத்தாத, சமதளமான, ஆழமான ஒரு பரப்பு வேண்டும். அலைநீளமும் சிறியதாக இருக்க வேண்டும். இயற்கையில் அப்படி ஒரு சோதனைக்கூடம் இருக்கிறதென்றால் அது காற்றடிக்காத நாளில் ஒரு பெரிய நன்னீர் ஏரி.

பெல் தொலைபேசி ஆய்வகத்தின் சார்லஸ் பரோஸ் அதைச் செய்தார். நியூயார்க் மாநிலத்தின் நடுவே விரல்களை விரித்து வைத்ததுபோல் வடக்கு தெற்காக நீண்ட ஏரிகள் இருக்கின்றன. ஃபிங்கர் லேக்ஸ் என்றே பெயர். பனியாறுகள் தோண்டிவிட்டுப் போன பள்ளங்கள். அவற்றில் செனெகா ஏரியின் ஆழம் மிகுந்த இடம் 188 மீட்டர். அந்த ஏரியின் மேல் 2 மீட்டர் அலையை, அதாவது 150 மெகாஹெர்ட்ஸை, செலுத்தித் தூரம் போகப் போகப் புலத்தின் வலிமை எப்படிக் குறைகிறது என்று அளந்தார். 1936இல் நேச்சரில் சுருக்கமாகவும், 1937 பிப்ரவரியில் அமெரிக்க வானொலிப் பொறியாளர் கழகத்தின் இதழில் விரிவாகவும் முடிவை வெளியிட்டார்.

அவர் கண்ட தீர்ப்பின் கனம் புரிய நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2 மீட்டர் அலை, தண்ணீரின் விடுதிறன் 80. ஒரு கிலோமீட்டர் தள்ளி எண்தொலைவு ஏறக்குறைய 20 வரும். ஆன்டெனாக்கள் தண்ணீரை ஒட்டி இருந்தால், சரியான சூத்திரப்படி அங்கே கிடைக்கும் புலம் உலோகத் தகட்டின் மேல் கிடைத்திருக்கக்கூடியதில் 40இல் ஒரு பங்கு. தூரம் இரண்டு மடங்கானால் புலம் நாலில் ஒன்றாகும். குறி மாறிய சூத்திரத்தைப் போட்டால், தண்ணீர் எவ்வளவு சுத்தம் என்பதைப் பொறுத்து, அதைவிடப் பல பத்து மடங்கு, நூறு மடங்கு என்று புலம் பெருத்து நிற்கும். அளவெடுக்கும் கருவி கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் மறைக்க முடியாத வித்தியாசம் அது. செனெகா ஏரியில் பரோஸின் அளவுகள் வைலின் பக்கமும் நார்ட்டனின் பக்கமும் போய் நின்றன. தரையை ஒட்டி நட்ட ஒரு சாதாரண ஆன்டெனா சென்னெக்கின் அலையைக் கிளப்புவதில்லை என்று ஏரி சொல்லிவிட்டது.

தரையை ஒட்டிப் போகும் அலையே இல்லை என்று இதற்கு அர்த்தமாகாது. நேரே வருவதையும் எதிரொளித்து வருவதையும் கழித்த பிறகு மிச்சம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் இன்றைக்கு நார்ட்டனின் பரப்பலை என்கிறோம். பெயர் ஒன்றுபோல இருப்பதால் மாணவர்கள் இன்றும் சென்னெக்கின் அலையையும் நார்ட்டனின் அலையையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். நார்ட்டன் 1936, 1937 ஆண்டுகளில் இந்த மிச்சத்தைக் கணக்கிடப் பொறியாளர் கையாளக்கூடிய சூத்திரங்களை எழுதித் தந்தார். பரோஸ் 1945இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அது செனெகாவுக்கு அடுத்த விரலான கயூகா ஏரிக்கு மேல் குன்றில் இருக்கிறது.

அடுத்த 30 ஆண்டுகளை விரைவாகத் தாண்டிவிடுகிறேன். சூத்திரம் சரியாகிவிட்டது. ஆனால் அது ஒரு சின்னஞ்சிறு இருமுனை ஆன்டெனாவுக்கான சூத்திரம். நிஜ ஆன்டெனாவில் கம்பி வளையும், கிளை பிரியும், பக்கத்துக் கம்பியைப் பாதிக்கும். எந்த இடத்தில் எவ்வளவு மின்னோட்டம் என்பதே முதலில் தெரியாது. அதற்கு வழி, கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் மற்ற ஒவ்வொரு துண்டின் மேலும் என்ன புலத்தை உண்டாக்குகிறது என்று எழுதி, வருகிற பெரிய அணியைத் தீர்ப்பது. ராஜர் ஹாரிங்டன் 1968இல் எழுதிய நூல் இந்த முறையைப் பொறியாளர்களிடம் கொண்டுசேர்த்தது. அணியைத் தீர்க்கக் கணினி வந்துவிட்டிருந்தது.

கலிபோர்னியாவில் சான் ரமோன் என்ற ஊரில் எம்பிஅசோசியேட்ஸ் என்ற நிறுவனம் 1970களின் முற்பகுதியில் ஏஎம்பி என்ற ஆன்டெனா நிரலை உருவாக்கியது. அதன் வழித்தோன்றல் பக்கத்திலேயே இருக்கும் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் வளர்ந்தது. ஜெரால்ட் பர்க், ஆண்ட்ரூ போஜியோ இருவரும் எழுதிய அந்த நிரலின் பெயர் நியூமெரிக்கல் எலக்ட்ரோமேக்னெட்டிக்ஸ் கோட். சுருக்கமாக நெக். அமெரிக்கக் கடற்படையும் விமானப்படையும் பணம் கொடுத்தன. கப்பல் என்றால் ஆன்டெனாவுக்குக் கீழே தண்ணீர். அப்படியானால் சோமர்ஃபெல்ட் தொகையீட்டைத் தட்டிக்கழிக்க முடியாது.

இங்கே ஒரு மலைப்பு காத்திருந்தது. ஓர் ஆன்டெனாவை 100 துண்டாக வெட்டினால் 10,000 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடிக்கும் அந்த ஊசலாடும் தொகையீட்டைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். அந்தக் காலத்துப் பெரிய கணினிக்குக்கூட அது கட்டுப்படியாகாது. சுலபமான மாற்று ஒன்று இருந்தது. பிம்பத்தை அப்படியே வைத்துக்கொண்டு, எதிரொளிப்பு விகிதத்தால் பெருக்கிவிடுவது. ஆன்டெனா கொஞ்சம் உயரத்தில் இருந்தால் அது போதும். தண்ணீருக்கு மிக அருகே, அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே கம்பி இறங்கினால் விடை கெட்டுப்போகும்.

நெக் இரண்டாம் பதிப்பில் அவர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதன் கையேடு 1981 ஜனவரியில் வந்தது. அவர்கள் கவனித்தது இது: குறிப்பிட்ட தண்ணீர், குறிப்பிட்ட அதிர்வெண் என்று முடிவாகிவிட்டால், தொகையீட்டின் மதிப்பு இரண்டே விஷயங்களைப் பொறுத்தது. பிம்பத்திலிருந்து பார்க்கும் புள்ளி வரை எவ்வளவு தூரம், என்ன கோணம். ஆன்டெனா எந்த வடிவமாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. அப்படியானால் ஒரு தடவை உட்கார்ந்து அந்தத் தூரம் கோண வெளியில் சில புள்ளிகளில் மட்டும் துல்லியமாகத் தொகையிட்டு அட்டவணை போட்டு வைத்துக்கொண்டால் என்ன? நடுவில் விழும் புள்ளிகளுக்கு அக்கம்பக்கத்து எண்களிலிருந்து இடைமதிப்பு எடுத்துக்கொள்ளலாம்.

அட்டவணை போடும் துணை நிரலுக்கு சோம்நெக் என்று பெயர். சோமர்ஃபெல்டின் பெயரில் முதல் பாதி. அந்தத் தூரம் கோண வெளி மூன்று கட்டங்களாகப் பிரிந்திருக்கும். முதலாவதில் 11 தூரம், 10 கோணம். இரண்டாவதில் 17க்கு 5. மூன்றாவதில் 9க்கு 8. மொத்தம் 267 புள்ளிகள், ஒவ்வொன்றிலும் நான்கு கலப்பெண்கள். புலம் வேகமாக மாறுகிற இடத்தில் புள்ளிகள் நெருக்கமாகவும், சாதுவாக மாறுகிற இடத்தில் அகலமாகவும் இருக்கும். கோலம் போடுகிறவர் வளைவில் புள்ளியை நெருக்கி வைப்பதுபோலத்தான். ஓர் ஏரியின் முழுக் குணமும் 1,068 எண்களுக்குள் அடங்கிவிடுகிறது. இந்த அட்டவணை ஓர் அலைநீளத் தூரம் வரைதான். அதைத் தாண்டினால் நிரல் நார்ட்டனின் சூத்திரங்களுக்கு மாறிவிடும். இந்த முறைக்கு சோமர்ஃபெல்ட் நார்ட்டன் முறை என்றே பெயர் நிலைத்துவிட்டது. குறி தவறிய குருவும் அதைச் சுட்டிக்காட்டியவரும் ஒரே நிரலில் அடுத்தடுத்த வரிகளில் வேலை பார்க்கிறார்கள்.

அப்போது உள்ளீடு துளையிட்ட அட்டைகளில் போனது. ஒரு வரி, ஓர் அட்டை. அட்டைகள் ஒழிந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் இன்றும் நாங்கள் அந்த வரிகளை அட்டை என்றுதான் சொல்கிறோம். கம்பிக்கு ஜிடபிள்யூ அட்டை. மின்னூட்டுக்கு ஈஎக்ஸ் அட்டை. அதிர்வெண்ணுக்கு எஃப்ஆர் அட்டை. கதிர்வீச்சுப் படத்துக்கு ஆர்பி அட்டை. நெக் இரண்டாம் பதிப்பு யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் கிடைத்ததால், ஹாம்கள் எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்களின் கணினிகளில் ஓடும் இலவச மென்பொருள்கள் பலவற்றின் வயிற்றுக்குள் இன்றும் அதுதான் உட்கார்ந்திருக்கிறது.

பரோஸின் ஏரியை நீங்களே வீட்டில் கட்டிப் பார்க்கலாம். 150 மெகாஹெர்ட்ஸுக்கு ஓர் அரையலை இருமுனை: 96 சென்டிமீட்டர் கம்பி, செங்குத்தாக, அதன் நடு தண்ணீருக்கு மேல் 2 மீட்டரில். 21 துண்டுகளாக வெட்டி, 11ஆவது துண்டில் மின்னூட்டு கொடுங்கள். முதலில் ஜிஎன் 1 என்று போட்டு உலோகத் தகட்டின் மேல் ஓடவிடுங்கள். தொடுவானத் திசையில்தான் வீச்சு உச்சமாக இருக்கும். பிறகு அதை மாற்றி, தொடக்கத்தில் எழுதிய வரியைப் போடுங்கள். தொடுவானத்தில் வீச்சு சுழியாகிவிடும். 6 டிகிரிக்குக் கீழே தண்ணீர் திருப்பி அனுப்பும் அலை, நேர் அலைக்கு எதிராகவே வேலை செய்கிறது. 6 டிகிரிக்குச் சற்று மேலே எதிரொளிப்பு ஏறக்குறைய மறைகிறது. ஒளியியலில் ப்ரூஸ்டர் கோணம் என்று படித்தோமே, அதேதான். வயல் மண்ணில் இந்தக் கோணம் 15 டிகிரிக்கு மேல். கடலின் மேல் சிற்றலைகளில் 1 டிகிரிக்கும் கீழே. ஏரி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

தொடுவானத்தில் சுழி என்றால், அதே ஏரியில் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் படகில் இருப்பவருக்கு ஒன்றுமே கேட்காதா? கேட்கும். ஆர்பி அட்டையின் முதல் எண்ணை 0இலிருந்து 1க்கு மாற்றி, தூரத்தையும் கொடுத்தால், நிரல் நார்ட்டனின் பரப்பலையையும் சேர்த்துக் கணக்கிடும். சுழியாக இருந்த இடத்தில் ஓர் எண் முளைக்கும். 500 மீட்டர், 1,000, 2,000 என்று தூரத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். தொலைவு கூடக் கூடப் புலம் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமாகத் தேய்வது கண்ணுக்குத் தெரியும். செனெகாவில் பரோஸ் பிடித்த வளைகோடு அதுதான். முதன்முதலில் அந்த எண்கள் வரிசையாகத் திரையில் இறங்கியபோது நான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக, இந்த வரியைத் தட்டும் முன் செய்ய வேண்டிய இரண்டு காரியங்கள்.

ஒன்று, 0.005 என்ற எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. அது உப்புக் குறைந்த, மழையும் பனியும் நிரப்பிய ஏரிகளுக்கு வந்த எண். குடிநீர்ச் சுத்திகரிப்பான் மாட்ட வருகிறவர் சட்டைப் பையில் வைத்திருப்பாரே டிடிஎஸ் மீட்டர், அது உண்மையில் அளப்பது கடத்துத்திறனைத்தான். அளந்ததைப் பாதியாக்கி பிபிஎம் என்று காட்டுகிறது. 500 என்று காட்டினால் கடத்துத்திறன் சென்டிமீட்டருக்குச் சுமார் 1,000 மைக்ரோசீமென்ஸ், அதாவது மீட்டருக்கு 0.1 சீமென்ஸ். அட்டவணை எண்ணைப்போல 20 மடங்கு. 500 என்பது நம் ஊர்க் கிணற்றுக்கும் ஏரிக்கும் அதிசயமான எண் இல்லை. 14 மெகாஹெர்ட்ஸில் அந்தத் தண்ணீர் கண்ணாடிக் குணத்தை இழந்து கடத்தியின் பக்கம் சாய்ந்துவிடும். வெயில் ஏறினால் ஒவ்வொரு டிகிரிக்கும் கடத்துத்திறன் 2 சதவீதம் போலக் கூடும். ஒரு பாட்டில் தண்ணீர் மொண்டு, மீட்டரை முக்கி, வந்த எண்ணைப் போடுங்கள்.

மற்றது ஆழம். ஜிஎன் அட்டையில் ஆழத்துக்கு இடமே இல்லை. தண்ணீர் கீழே முடிவில்லாமல் போகிறது என்றே நிரல் நினைத்துக்கொண்டிருக்கும். கடலில் அது தொந்தரவில்லை. 14 மெகாஹெர்ட்ஸ் அலை உப்புத் தண்ணீரில் 6 சென்டிமீட்டர் இறங்குவதற்குள் மூன்றில் ஒரு பங்காகிவிடும். 0.005 உள்ள நன்னீரிலோ அதே தேய்வுக்கு ஒன்பதரை மீட்டர் வேண்டும். 0.1 என்றால் அரை மீட்டரே போதும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது இங்கே எழுத்துக்கு எழுத்து உண்மை. மூன்று மீட்டர் ஆழமுள்ள சுத்தமான ஏரியில் அலை அடிமண்ணைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து மேலே உள்ள ஆன்டெனாவில் கலக்கும். திரையில் விழும் படத்தில் அது இருக்காது. ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் நான் அந்த 2ஐத் தட்டுகிறேன்.